பதினேழு வயது முழங்காலுக்கு ஒன்பது மாதம்

அயர்லாந்தின் மேற்குக் கரையோரக் கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்றது) ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மருத்துவமனையில் செவிலியராக வேலை. மதுரைப் பக்கத்திலிருந்து குடும்பம் அங்கே குடியேறிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மகளுக்கு 17 வயது, பள்ளி இறுதியாண்டு. எட்டு வயதிலிருந்து, பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் அயர்லாந்து ஆட்டமான கேலிக் கால்பந்து ஆடுகிறாள். செப்டம்பரில் நடந்த கிளப் போட்டியில், உயரத்தில் வந்த பந்தை எம்பிப் பிடித்துவிட்டு இடது காலில் இறங்கியபோது முழங்கால் உள்பக்கமாக மடங்கி, 'படக்' என்று சத்தம் கேட்டிருக்கிறது. யாரும் அவளை இடிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கிப் புடைத்துவிட்டது. அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று ஊன்றுகோல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான், முன் சிலுவைத் தசைநார் முழுவதும் அறுந்திருப்பதும், உள்பக்க மெனிஸ்கஸில் சிறிய கிழிவு இருப்பதும் தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாற்று நார் வைத்து அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார் நிபுணர். முதலில் சில வாரங்கள் பயிற்சி செய்து காலைத் தேற்ற வேண்டும் என்கிறார் அங்குள்ள இயன்முறை மருத்துவர். தனியார் மருத்துவக் காப்பீடு இல்லை. 'கிறிஸ்துமஸ் விடுமுறையில் சென்னைக்கு வந்து செய்துகொண்டு போ, செலவு குறைவு' என்கிறார் தங்கை. புத்தூர் கட்டுப் போட்டால் போதும் என்பது மாமியாரின் நம்பிக்கை. இனி ஆட்டமே வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார். மகளோ, மே மாதம் நடக்கும் கவுண்ட்டி அணித் தேர்வுக்குப் போயே தீருவேன் என்கிறாள். டப்ளின் வீரர் பெர்னார்ட் ப்ரோகன் இதே காயத்திலிருந்து ஆறே மாதத்தில் திரும்பி வந்தாரே என்று பயிற்சியாளரும் சொல்லியிருக்கிறார். ஜூனில் 'லீவிங் செர்ட்' என்னும் பள்ளி இறுதித் தேர்வு வேறு. "ஆறு வாரமாக அவளை அசையவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். இரவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத்தான் படுக்கவைக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். மற்றவற்றைப் பொறுமையாகப் பேசலாம். இது இன்றிரவே நடக்க வேண்டியது.

வீங்கிய முழங்காலைச் சற்று மடக்கி வைத்தால் உள்ளிருக்கும் அழுத்தம் குறையும், வலியும் குறையும். அதனால்தான் தலையணை இதமாக இருக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் அப்படியே வைத்தால் முழங்கால் முழுதாக நீளும் திறனை இழந்துவிடும். கடைசி ஐந்து டிகிரி நீளாத கால், நடக்கும்போது நொண்டும். முன்தொடைத் தசை வேலை செய்ய மறுக்கும். அந்த நிலையில் அறுவை சிகிச்சைக்குப் போனால், அதற்குப் பிறகும் மூட்டு இறுகியே கிடக்கும் வாய்ப்பு அதிகம். தலையணைக்குப் பதிலாக ஒரு துண்டை உருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் தொங்கித் தானாக நேராகட்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. அதே நிலையில் முன்தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடச் சொல்லுங்கள்.

அசையாமல் வைத்திருப்பதும் இனி வேண்டாம். அடிபட்ட முதல் சில நாட்களுக்கு ஓய்வு சரி. ஆறு வாரம் அசையாத கால் மெலியத்தான் செய்யும். முழங்கால் சிப்பிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இரண்டு தொடைகளையும் நூல் வைத்து அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. அடிபட்டால் ஓய்வு என்றுதான் நம் எல்லோருக்கும் சொல்லித் தந்தார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

எக்ஸ்ரேயை நினைத்தும் வருத்தப்படாதீர்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நார் தெரியாது. ஆனால் சத்தத்தோடு மடங்கி, ஓரிரு மணி நேரத்துக்குள் வீங்கும் முழங்காலுக்குள் பெரும்பாலும் இரத்தம் கசிந்திருக்கும். அதற்கு முதல் சந்தேகம் இந்த நார்தான். உங்கள் கிளப்பில் இன்னொரு பெண்ணுக்கு இப்படி நடந்தால், 'எக்ஸ்ரே சரியாக இருக்கிறது' என்பதோடு நின்றுவிடாமல் ஒரு வாரத்துக்குள் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ஒரே 'ஜவ்வு', இரண்டு உறுப்புகள்

நம் ஊரில் 'முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது' என்போம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு உறுப்புகள் ஒளிந்திருக்கின்றன. வீட்டில் இத்தனை குழப்பம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளேயே குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் சிலுவைத் தசைநார். அயர்லாந்தில் எந்த மைதானத்திலும் 'குரூசியேட்' என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிப் பெருமூச்சு விடுவார்களே, அது இதுதான். ஓடும் கால் திடீரென்று திரும்பும்போது கீழ்க்கால் முன்னே நழுவாமல் பிடிப்பது இதன் வேலை. இரண்டாவது, அந்த இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கும் மெத்தை, அதாவது மெனிஸ்கஸ். எடையைத் தாங்கிப் பரப்புவது அதன் வேலை. அறுந்த நாருக்குப் பதில் வேறொரு நார் வைக்கலாம். மெத்தை போனால் போனதுதான். பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து வரும் மூட்டுத் தேய்மானத்துக்கு மெத்தையின் இழப்பு முக்கியமான காரணம். எனவே உங்கள் மகள் விஷயத்தில் நான் முதலில் காப்பாற்ற நினைப்பது அந்தச் சிறிய கிழிவுள்ள மெத்தையை.

கட்டுப் போடுவது பற்றி: மாமியார் அக்கறையில் சொல்கிறார், அவரோடு வாதாட வேண்டாம். கட்டு என்பது முறிந்த எலும்பை நகராமல் பிடித்துவைக்கும் மரபு. முழுதாக அறுந்த சிலுவை நாரின் இரு முனைகளும் மூட்டு நீரில் மிதக்கின்றன. வெளியே போடும் கட்டு அவற்றை இணைக்காது. வாரக்கணக்கில் அசைவைப் பூட்டிவைப்பது இந்த முழங்காலுக்கு நேர் எதிரான வைத்தியம். எண்ணெய் தடவி உருவுவதும் வேண்டாம். குறிப்பாக, அறுவை சிகிச்சைக்குப் பிறகு கெண்டைக்காலை யாரும் உருவக் கூடாது. அங்கே இரத்தம் உறைந்திருந்தால் அது நுரையீரலுக்கு நகரும் ஆபத்து உண்டு.

அறுவை சிகிச்சை வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டும் என்பதில்லை. ஸ்வீடனில் சுறுசுறுப்பாக விளையாடும் 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். மறு பிரிவினருக்கு முதலில் பயிற்சி மட்டும் கொடுத்து, முழங்கால் நழுவினால் மட்டும் பிறகு செய்யலாம் என்று விட்டார்கள். 2010-இல் முதல் முடிவுகள் வந்தன. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, காத்திருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மாற்று நார் வைக்காமலே இருந்தார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள். உங்கள் மகளுக்கு 17 வயது, மெத்தையில் கிழிவு இருக்கிறது, அவள் திரும்பிப் போக விரும்புவது வெட்டித் திரும்பும் ஆட்டம். இந்த மூன்றும் சேரும்போது என் சாய்வு அறுவை சிகிச்சையின் பக்கம்தான். ஒவ்வொரு முறை முழங்கால் நழுவும்போதும் மெத்தை இன்னும் கொஞ்சம் நசுங்கும். தேர்வு முடிந்து ஜூனில் செய்யலாம் என்று தள்ளிப்போடுவதும் ஒரு வழிதான். ஆனால் அதுவரை ஒரு முறைகூட நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பள்ளி உடற்பயிற்சி வகுப்பில்கூட. அந்த வயதில் அது கடினம்.

அதற்காக அடுத்த வாரமே ஓட வேண்டியதும் இல்லை. உங்கள் ஊர் இயன்முறை மருத்துவர் சொல்வது சரி. வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, முன்தொடை விழித்துக்கொண்ட பிறகு போகிற கால்தான் நன்றாகத் தேறும். ஒரு விதிவிலக்கு உண்டு: மடங்கிய முழங்கால் பூட்டுப் போட்டதுபோல் நின்று நீள மறுத்தால், கிழிந்த மெத்தை நடுவில் சிக்கியிருக்கலாம். அப்போது காத்திருக்கக் கூடாது, அன்றே நிபுணரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் தங்கை, மாமியார், கணவர், பயிற்சியாளர் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது. மகளுடைய கருத்தாக ஒரு தேதி மட்டும்தான் இருக்கிறது. அயர்லாந்தில் 16 வயது நிரம்பியவர் தன் அறுவை சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம். 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. நிபுணரைப் பார்க்கும்போது அவள் தனியாகக் கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். எந்த நாரை எடுத்து வைப்பார்கள் என்பதை அவளே கேட்கட்டும்: முழங்கால் சிப்பிக்குக் கீழுள்ள நாரா, பின்தொடை நாரா, முன்தொடை நாரா? மெத்தையைத் தைப்பார்களா, வெட்டி எடுப்பார்களா? தைத்தால் முதல் சில வாரங்களுக்கு மடக்குவதிலும் எடை ஊன்றுவதிலும் கட்டுப்பாடு வரும், தேறும் காலம் நீளும். ஆனாலும் தைக்க முடிந்தால் தைப்பதே மேல்.

சென்னையா, அங்கேயா?

சென்னையில் இந்த அறுவை சிகிச்சையை மிக நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. தயக்கம் வேறு இடத்தில். அறுவை சிகிச்சை ஒரு மணி நேரச் சமாச்சாரம், ஒன்பது மாதப் பயிற்சிதான் சிகிச்சை. விடுமுறை முடிவதற்குள் திரும்ப வேண்டும் என்றால், புதிய தையலோடு நீண்ட விமானப் பயணம்; இரத்தம் உறையும் ஆபத்து அந்த வாரங்களில்தான் அதிகம். திரும்பிய பிறகு காய்ச்சலோ, காயத்தில் நீர்க்கசிவோ வந்தால், அறுத்தவர் ஒரு கண்டத்தில், முழங்கால் இன்னொரு கண்டத்தில். சென்னைதான் என்று முடிவானால் குறைந்தது ஆறு வாரமாவது அங்கே தங்கும்படி திட்டமிடுங்கள். இறுதியாண்டு மாணவிக்கு அது சாத்தியமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு முன் மூன்று வாசல்களைத் தட்டிப் பாருங்கள். பெண்கள் கேலிக் கால்பந்துச் சங்கம் 1974-இல் தொடங்கப்பட்டது. ஆண்களின் சங்கத்திலிருந்து தனியானது. காயமடைந்த வீராங்கனைகளுக்கென்று அதற்குச் சொந்த நிதி உண்டு. இது காப்பீடு அல்ல. பதிவுபெற்ற உறுப்பினருக்கு, வேறு வழியில் திரும்பக் கிடைக்காத செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் உதவி. தெரிவிப்பதற்குக் கெடு உண்டு. ஏற்கெனவே ஆறு வாரம் போய்விட்டதால், நாளையே கிளப் செயலாளரிடம் பேசி, படிவம் போயிற்றா என்று கேளுங்கள். எல்லா இரசீதுகளையும் எடுத்து வையுங்கள். இரண்டாவது, வட அயர்லாந்தில் தனியாரிடம் சிகிச்சை பெற்றுக்கொண்டு, அயர்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறையான எச்.எஸ்.இ. நிர்ணயித்த தொகை வரை திரும்பப் பெறும் அரசுத் திட்டம். முதலில் பணம் நீங்கள் கட்ட வேண்டும். இந்தச் சிகிச்சைக்குப் பொருந்துமா, முன் அனுமதி வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது, பொது மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலில் பெயரை எப்படியும் போட்டுவையுங்கள். இப்போது புதிதாகக் காப்பீடு எடுத்தால் உதவுமா என்று யாராவது சொன்னால், ஏற்கெனவே உள்ள பாதிப்புக்கு ஐந்து ஆண்டுக் காத்திருப்பு உண்டு என்பது நினைவிருக்கட்டும்.

மே மாதம்

டிசம்பர் நடுவில் அறுவை சிகிச்சை நடந்தால், மே என்பது ஐந்தாவது மாதம். மகளிடம் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: மே மாதம் முடியாது.

வைத்த நார் முதல் நாளே உயிரோடு இருப்பதில்லை. இரத்த ஓட்டம் இல்லாத அது, மெல்ல மெல்ல உடலால் ஏற்றுக்கொள்ளப்பட்டு, இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து, புதிய நாராக மாற வேண்டும். இந்த மாற்றத்தின் நடுவே, சுமார் ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை, அது மிகவும் பலவீனமாக இருக்கும். அதே சமயத்தில்தான் வலி போய், வீக்கம் போய், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று பிள்ளைகள் படியில் தாவுவார்கள். என் அறையில் அழுதவர்களில் பலர் அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டவர்கள்.

பயிற்சியாளர் சொன்ன உதாரணம் உண்மைதான். பெர்னார்ட் ப்ரோகன் 2018 பிப்ரவரியில் அடிபட்டு, அதே ஆகஸ்டில் டப்ளின் சட்டையோடு மாற்று வீரராக இறங்கினார். அப்போது அவருக்கு 34 வயது. அந்த அணியின் மருத்துவக் குழு முழுவதும் அவரோடு இருந்தது. இது கடைசிப் பருவமாக இருக்கலாம் என்று தெரிந்து எடுத்த முடிவு. பதினேழு வயதுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. கெர்ரி கவுண்ட்டி வீரர் கோல்ம் கூப்பரைச் சொல்லுங்கள். 2014 பிப்ரவரியில் கிளப் போட்டியில் நார் அறுந்தது, முழங்கால் சிப்பியும் உடைந்தது. அந்த ஆண்டு கெர்ரி அகில அயர்லாந்துப் பட்டம் வென்றபோது அவர் ஆடவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2017 மார்ச் 17 அன்று டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் தன் கிளப்புக்காக இறுதியாட்டத்தில் கோல் அடித்துக் கோப்பையை வென்றார்.

நான் கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 25 வயதுக்குட்பட்டு இதே வகை ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மறுபடி நார் அறுகிறது, அதே காலிலோ மறு காலிலோ. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பதாவது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போகும்போதும் மறு காயத்தின் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஒன்பதுக்கு முன் வேண்டாம். ஒன்பது ஆனதாலேயே போதும் என்றும் இல்லை. அடிபட்ட காலின் முன்தொடை வலு மறு காலில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். ஒற்றைக் காலில் தாவித் தூரம் அளக்கும் சோதனைகளிலும் அப்படியே. இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயக் கூடாது. அவள் மனதில் பயம் இல்லாமல் இருக்க வேண்டும். அதை அளக்கவும் வினாத்தாள் உண்டு.

சோதனையில் தேறினாலும் என் பார்வையில் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஜிம்மில் தேறிய முழங்கால் கேலிக் ஆட்டத்துக்குத் தயார் என்று அர்த்தமில்லை. இந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிதான் வைக்கலாம். பிறகு தரையில் தட்ட வேண்டும், அல்லது கால் விரலால் தட்டிக் கைக்குக் கொண்டுவர வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது, கண் பந்தின் மேல் இருக்க, உடல் முழுவதும் ஒரு காலில் நிற்கிறது. பெண்கள் ஆட்டத்தில் தரையில் கிடக்கும் பந்தைக் கையாலேயே அள்ளலாம். ஓடியபடி குனிந்து அள்ளும்போது பின்தொடை முழுதாக இழுபடும். அங்கிருந்துதான் நார் எடுத்தார்கள் என்றால் அந்தத் தசைக்குத் தனிக் கவனம் வேண்டும். வலது காலால் உதைக்கிறவளுக்கு ஊன்றும் கால் இடது. உதைக்கும் ஒவ்வொரு முறையும் திருகல் முழுவதும் அந்த முழங்காலில் இறங்குகிறது. கடைசியாக, கைகள் இரண்டும் வானத்தில், சுற்றிலும் நாலு தோள்கள், கீழே ஈரப்புல், ஒற்றைக் காலில் இறக்கம். அவள் விழுந்ததே அப்படித்தான். எனவே ஏழாவது மாதத்திலிருந்து பயிற்சி பந்தோடு நடக்க வேண்டும். முதலில் தனியாக, பிறகு ஒருவர் மெல்ல இடிக்க, பிறகு எங்கிருந்து இடிப்பார்கள் என்று தெரியாமல். இந்த மூன்று படிகளையும் கடந்து, சில வாரங்கள் முழுப் பயிற்சியில் கலந்த பிறகே போட்டி, அதுவும் முதலில் கால் மணி நேரம்.

உங்கள் இயன்முறை மருத்துவர், இத்தகைய தொழிலர்களைப் பதிவு செய்யும் அமைப்பான கோருவின் (CORU) பதிவேட்டில் இருக்கிறாரா என்று இணையத்திலேயே பார்க்கலாம். அந்தப் பதிவு இல்லாமல் அயர்லாந்தில் யாரும் தம்மை இயன்முறை மருத்துவர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. கேலிக் ஆட்டக்காரர்களைக் கவனித்த அனுபவம் உண்டா என்பதையும் கேளுங்கள், அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். தேர்வு விஷயத்தில், காலை நீட்டி உட்கார இடமோ தனி அறையோ தேவைப்பட்டால் அரசுத் தேர்வு ஆணையத்திடம் பள்ளி வழியாகக் கேட்க முடியும்.

ஆட்டத்தை விட்டுவிட வேண்டுமா?

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவளும் ஆடுகிறாள். பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிடச் சில மடங்கு அதிகம் என்பது உண்மை. அதனால் பெண் உடலுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது என்று முடிவு கட்ட வேண்டாம். எம்பி இறங்குவது, நிற்பது, திரும்புவது இவற்றை முறையாகப் பழக்கும் தயாரிப்புப் பயிற்சிகள், பெண் வீராங்கனைகளில் இந்தக் காயத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைத்திருக்கின்றன. கேலிக் ஆட்டத்துக்கென்றே, கேலிக் ஆட்டச் சங்கத்தின் (ஜிஏஏ) 'ஜிஏஏ 15' என்ற கால் மணி நேரப் பயிற்சி இருக்கிறது. உங்கள் கிளப்பில் அதை வாரம் இருமுறையாவது செய்கிறார்களா என்று உங்கள் கணவரே போய்ப் பயிற்சியாளரிடம் கேட்கட்டும். செய்யாவிட்டால் செய்யச் சொல்லும் உரிமை ஒரு பெற்றோருக்கு உண்டு.

அவரிடம் கேட்கச் சொல்ல இன்னொரு கேள்வியும் இருக்கிறது. திறமையுள்ள பதினேழு வயதுப் பெண்ணைப் பள்ளி அணி, கிளப் இளையோர் அணி, கிளப் மூத்த அணி, கவுண்ட்டி அணி என்று நான்கு பேர் ஒரே வாரத்தில் இழுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தன் அணியின் கணக்குத்தான் தெரியும். செப்டம்பரில் அந்த வாரம் அவள் எத்தனை நாள் ஆடினாள்? அவள் திரும்பி வரும்போது அந்தக் கணக்கை யார் வைத்திருக்கப் போகிறார்கள்?

இந்தக் குளிர்காலத்தில் அவளைப் பயிற்சிக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள். ஆடுவதற்கு அல்ல. எல்லைக்கோட்டருகே நின்று தண்ணீர் கொடுக்க, ஸ்கோர் எழுத, தோழிகளோடு திரும்பி வர. காயத்தைவிட அணியிலிருந்து அறுந்துபோவதுதான் இந்த வயதில் அதிகம் வலிக்கிறது. அவள் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் மாற்றம் கண்டால், அதையும் முழங்காலைப் போலவே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். அவள் காலை நீட்டிப் படுத்திருக்கும்போது முழங்காலின் பின்பக்கத்துக்கும் படுக்கைக்கும் இடையே எத்தனை விரல் இடைவெளி என்று இன்று அளந்து குறித்துவையுங்கள், அன்றும் அளந்து அனுப்புங்கள். மறு காலையும் சேர்த்து.